நூற்றுக்கு முப்பது

அன்புள்ள குருவிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லை என்றால் முதலில் எழுந்து போய் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து மேலே படி. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மாவும் நன்றாக இருக்கிறாள், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அவளோடு சண்டை போடுகிறது, மற்ற நேரங்களில் சண்டை போட நான் இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஒரு மாதமாகப் போனில் நீ பேசுவதெல்லாம் ம், சரிப்பா, அப்புறம் பேசறேன், இவ்வளவுதான், இந்த மூன்றையும் ஒரு கிளிக்குச் சொல்லிக் கொடுத்தால் உன் வேலை மிச்சம். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார், மடித்து வைத்தாலும் மறுபடி பிரிக்கத் தோன்றும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் மட்டும் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, இரண்டு நாள் தாக்குப் பிடித்தாள், அவளுக்கு அது பெரிய விஷயம். மாதக் கடைசியில் வானிலை ஆபீஸ் வேலையை விடப்போவதாகக் கடிதம் கொடுக்கப் போகிறேன், மெஷின் தப்புப் பண்ணலம்மா, நான்தான் பண்ணேன், என்னை நம்பி மாமாவோட களமே கரைஞ்சு போச்சு, இனிமே நான் மழையைப் பத்தி வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னாயாம். சொல்லிவிட்டு அழுதாயாம்.  நீ அழுதால் நான் எதிரில் இருக்க வேண்டும், நான் ஏதாவது அசட்டு ஜோக் சொல்ல வேண்டும், நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே போப்பா என்று சொல்ல வேண்டும், அதுதானே நம் வழக்கம். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு தனியாக அழுவது என்ன நியாயம்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ போனின் அந்தப் பக்கம் இருந்தாய், நான் இந்தப் பக்கம் இருந்தேன், இந்தப் பக்கத்துக் கதையை நீ ஒரு தரம் கேட்க வேண்டும். அன்று காலை உன் மாமா வழக்கம் போலத் தன் செங்கல் சூளைக்குப் போகும் வழியில் டீ குடிக்க வந்தார். களத்தில் பச்சைக்கல் பரப்பிக் கிடந்தது, அச்சில் அறுத்துப் போட்டு வெயிலில் காய வைத்தது, பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போக வேண்டிய கல், இன்னும் சில நாள் காய்ந்தால் சூளையில் அடுக்கி நெருப்பு வைக்க வேண்டியதுதான். பச்சைக்கல் மேல் ஒரு நல்ல மழை விழுந்தால் அது கல் இல்லை, மறுபடி மண். அதற்காகத் தினமும் மூடி வைக்கவும் முடியாது, மூடினால் உள்ளே வேர்த்துப் போய்க் காயாது, எல்லாவற்றையும் மூட அவரிடம் தார்ப்பாயும் கிடையாது. அதனால் கொஞ்ச காலமாக அவருக்குக் காலையில் டீயும் வேண்டும், மருமகள் வாக்கும் வேண்டும். நீ சொன்னது பலிக்கப் பலிக்க அவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, எங்க மருமக சொன்னா வானமே கேக்கும் என்று அளந்துகொண்டிருந்தார், நான் என் காதால் கேட்டேன், ஒரு பெரியவர் அதை நம்பி அவரிடம் தன் பேத்தி கல்யாணத்துக்கு மழை வருமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கும் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். மாமா, நூத்துக்கு முப்பதுன்னு காட்டுது என்றாய். மெஷின், தினமும் போடுகிற பழைய முறை வானிலைக் கணக்கு எங்கெங்கே தவறியது என்று வருஷக்கணக்கான காற்றையும் மேகத்தையும் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது, இன்றைக்கு மாதிரி இருந்த நாட்கள் பத்தில் மூன்றில் மழை வந்திருக்கிறது, ஏழில் வரவில்லை, அதுவும் நம் ஊர்ப் பக்கம் மழை அளக்கிற கருவியே இல்லாததால் மலைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கை வைத்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும் என்று எல்லாம் விளக்கினாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. மாமாவுக்கும் புரிந்திருக்கும், ஆனால் களத்தில் ஆட்கள் தார்ப்பாயை விரிக்கவா சுருட்டவா என்று நின்றுகொண்டிருக்கும்போது மனுஷனுக்குப் புரிதல் எதற்கு. அதெல்லாம் இருக்கட்டும் மருமகளே, வருமா வராதா, ஒரே வார்த்தை சொல்லு என்றார். நீ உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நான் கேட்டேன், அம்மா கேட்டாள், மாமாவும் கேட்டார், கேட்டுவிட்டு மூன்று பேரும் டீயை ஒரு வாய் குடித்தோம். பிறகு நீ, வராது மாமா என்றாய். அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

மத்தியானம் அது வந்தது. இருட்டிக்கொண்டு, இடித்துக்கொண்டு, யாரோ மேலே இருந்து பக்கெட் பக்கெட்டாகக் கவிழ்த்தது போல. நான் ஷிப்டு முடிந்து பஸ் நிலையத்திலிருந்து நேரே களத்துக்குப் போனேன். அதை நான் அழகாக எல்லாம் எழுதப் போவதில்லை, வரிசை வரிசையாக இருந்த கல் எல்லாம் ஓரம் மழுங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கடைசியில் ஒரே சேறாகக் கிடந்தது, அறுத்த பெண்கள் தங்கள் கைவேலை எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் மாமா தலையில் கை வைத்து உட்காருவார் என்று பயந்துகொண்டே போனேன், அவர் உட்காரவில்லை, வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தைதான் தாங்க மாட்டாமல், கம்ப்யூட்டரை நம்பினா இப்படித்தான் என்று சொல்ல, உன் அம்மாவுக்கு அது காதில் விழுந்து, என் பொண்ணு என்ன மேகத்தைத் தள்ளிவிட்டாளா என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்றால் என்னையும் உன் மாமாவையும் பற்றித்தான், அதனால் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

குருவி, நான் ஒன்று சொல்கிறேன், இது உன் படிப்பு அளவுக்கு ஆழமான விஷயம் இல்லை, என் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்த விஷயம். நான் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான், சார் வண்டி வருமா. போன வருஷம் எங்களுக்குப் பெரிய திரை ஒன்று மாட்டினார்கள் என்று சொன்னேனே, அதுவும் உன் மெஷினுக்குத் தூரத்துச் சொந்தம்தான், எந்த வண்டி எந்த நாளில் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையெல்லாம் படித்துவிட்டு, இன்னும் பன்னிரண்டு நிமிடம், இன்னும் இருபது நிமிடம் என்று காட்டுகிறது. பெரும்பாலும் சரியாகவே காட்டுகிறது, என்னைவிட மரியாதையாகவும் காட்டுகிறது. நான் என்ன நினைத்தேன், இனிமேல் ஜன்னலில் கூட்டம் இருக்காது, நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்று நினைத்தேன். எங்கே. ஜனங்கள் திரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், வாய்விட்டு வாசிக்கிறார்கள், அப்படியே திரும்பி என் ஜன்னலுக்கு வந்து, சார் வண்டி வருமா என்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கண்ணு எதுக்கு இருக்கு என்று ஒருவரைக் கேட்டும் விட்டேன். பிறகு பார்த்துப் பார்த்துப் புரிந்தது, அவர்கள் கேட்பது வண்டியைப் பற்றி இல்லை, கொஞ்சம் தைரியம் கேட்கிறார்கள். திரை எண்ணைக் கொடுக்கும், தைரியம் கொடுக்காது, அதற்கு ஒரு முகம் வேண்டும். வண்டி வராவிட்டால் திட்டவும் அதே முகம் வேண்டும், அது வேறு விஷயம்.

நீயும் அன்றைக்கு மாமாவுக்கு மழையைப் பற்றிச் சொல்லவில்லை, தைரியம்தான் சொன்னாய். உன் மாமா கவலையோடு நிற்கிறாரே என்று உனக்கு மனசு கேட்கவில்லை. சின்ன வயதில் அவர் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போனவள், அவர் கேட்டு இல்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வரும். அதை நீ பெரிய குற்றமாக நினைத்து வேலையை விடுகிற அளவுக்குப் போய்விட்டாய். பத்தில் மூன்று என்று மெஷின் சொன்னது, அந்த மூன்றில் ஒன்று அன்றைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. நீ முப்பதைச் சுருக்கி ஒரு வார்த்தையாக்கியது தப்புதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், என் மகள் என்பதற்காகப் பூசி மெழுகினால் நீயே என்னை நம்ப மாட்டாய். ஆனால் அது பாசத்தில் செய்த தப்பு, அப்படிச் செய்யாதவர்கள் யாராவது இருந்தால் என் ஜன்னலுக்கு அனுப்பு, நான் பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான சமாசாரம். மாமா உன்னோடு பேசாமல் இருப்பதை நீ கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், டீக்கு வருவதையே நிறுத்திவிட்டார், வழியில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவார். வியாழக்கிழமை என் ஜன்னலில் வரிசை நின்றுகொண்டிருந்தது, நான் குனிந்து எழுதிக்கொண்டே அடுத்தது எங்கே போகணும் என்றேன், நிமிர்ந்து பார்த்தால் உன் மாமா, சட்டை முழுக்க மண்ணோடு, பத்து பேருக்கு நடுவில் வரிசையில் நின்று வந்திருக்கிறார். வீடு தெரியாதா மச்சான் உனக்கு என்றேன். வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வர்றது மச்சான் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஓட்டை வழியாகவே குனிந்து சொன்னார், அவ சரியாத்தான் சொன்னா, முப்பதுன்னு சொன்னா, நான்தான் அவ வாயைப் புடுங்கி வராதுன்னு சொல்ல வச்சேன், இப்ப அதுக்காக அந்தப் புள்ள வேலையை விடுதாமே, அக்கா சொல்லிச்சு, இது எனக்குத் தேவையா மச்சான், கல்லு போனா அறுத்துக்கலாம், அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன் என்றார்.  பின்னால் நின்றவர் ஒருவர், அண்ணே பஸ்ஸா குடும்பமா, எதுவா இருந்தாலும் கொஞ்சம் சீக்கிரம் கேளுங்க என்று குரல் கொடுத்தார், நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன், எத்தனையோ வருஷ வேலையில் கூட்டம் நிற்கும்போது நான் அப்படிச் செய்ததே இல்லை. திரை இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக நீ அங்கே அவருக்கு முகம் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, அவர் இங்கே உனக்கு முகம் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, நடுவில் நானும் அம்மாவும், நீங்கள் இரண்டு பேரும் கோபமாக இருக்கிறீர்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு ஒரு மாதத்தை ஓட்டியிருக்கிறோம். நல்ல குடும்பம்.

டீ ஸ்டாலில் நின்றுகொண்டு அவர் சொன்னதை எல்லாம் கேட்டால் நீ சிரிப்பாய். இப்போது களத்தில் புது முறை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் மூடினால் எல்லாவற்றையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் திறந்து போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்போது நேற்றும் இன்றும் அறுத்த ஈரக் கல் தனி வரிசை, நான்கைந்து நாள் காய்ந்தது தனி வரிசை, நன்றாகக் காய்ந்ததை அடுக்கி மேலே மட்டும் ஓலையோ தகரமோ போட்டுவிடுகிறார். எண் சின்னதாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், முப்பது நாற்பது என்றால் ஈரக் கல்லை மட்டும் மூடு, அதற்குத் தார்ப்பாய் போதும், அறுபது எழுபது என்றால் அறுப்பை நிறுத்திவிட்டு ஆட்கள் எல்லோரும் அடுக்குகிற வேலைக்குப் போ. எனக்கு வார்த்தை வேணாம் மச்சான், நம்பர் போதும், வார்த்தையை வச்சு என்ன பண்றது, நம்பரை வச்சு வேலை பார்க்கலாம் என்றார். டிவியில் வருகிற எண்ணைப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அது மாநிலத்துக்கே ஒரே எண் சொல்கிறதாம், இவருக்கு மலைக்கு இந்தப் பக்கத்து எண் வேண்டுமாம், அதற்கு மருமகள்தான் வேண்டுமாம். இந்த எண் பைத்தியம் முற்றிப் போய் வீட்டில் எல்லாவற்றுக்கும் எண் சொல்கிறார் என்று அத்தை புலம்புகிறாள். ராத்திரி சாப்பாட்டுக்கு வருவீங்களா என்று கேட்டால் அறுபது என்றாராம். அப்ப சாப்பாடு கிடைக்கிறதுக்கு நாப்பது என்று அத்தை சொல்லிவிட்டாளாம். நானும் வீட்டில் ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தேன், உன் அம்மா பார்த்த பார்வையில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து ஒன்று கேட்டார். அதைக் கேட்டதிலிருந்துதான் உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. மச்சான், அன்னிக்கு நம்ம பக்கம் பெஞ்ச மழையை அவ அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தாளா என்றார். எனக்குத் தெரியாது என்றேன். பழசைப் பார்த்துத்தானே அது கத்துக்குது, அப்ப அந்த நாளும் அதுக்குத் தெரியணுமில்ல, என் கல்லு கரைஞ்சது சும்மா போகக் கூடாது மச்சான், நாளைக்கு இன்னொருத்தன் களத்துக்காவது உதவட்டும் என்றார். பிறகு, மழை அளக்கிற அந்தக் கருவியை என் களத்திலேயே ஒன்று வைக்கச் சொல், நல்ல திறந்த இடம், மரம் இல்லை, பக்கத்தில் கட்டடம் இல்லை, நானே தினமும் காலையில் பார்த்துச் சொல்கிறேன், மலைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்து ஏன் உத்தேசம் சொல்லணும் என்றார். பச்சைக்கல் மொத்தமும் மண்ணாகிப் போன மனுஷன் கேட்கிற கேள்வி இது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன், டீ ஸ்டாலில் காஸ் அடுப்பு.

வேலையை விடு, விடாதே என்று நான் சொல்ல மாட்டேன் குருவி. அந்த வேலை பிடிக்கவில்லை, வேறு ஏதாவது செய்ய ஆசை என்றால் நாளைக்கே விடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, உன் அறையில் அம்மா அடுக்கி வைத்திருக்கும் பழைய துணியை எல்லாம் நானே அப்புறப்படுத்துகிறேன். மாமா களத்துக்கு நீ ஏதோ கடமைப்பட்டிருக்கிறாய் என்பதற்காகவும் அங்கே இருக்க வேண்டாம். ஆனால் மாமாவுக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று நினைத்து வேலையை விடாதே. அப்படி விட்டால் அந்த நாள் என்ன ஆகும் யோசித்துப் பார். அது உனக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு கெட்ட நாளாக அப்படியே கிடக்கும். நீ அதை உன் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது மெஷின் கற்றுக்கொள்கிற நாட்களில் ஒன்றாகிவிடும், அடுத்த தடவை அதே மாதிரிக் காற்றும் மேகமும் வரும்போது அதற்கு நம் களம் ஞாபகம் வரும். அதைச் சொல்லிக் கொடுக்க எங்களுக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

மற்ற செய்திகள் பெரிதாக இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவரிடமும் இனிமேல் எண் கேட்கலாம் என்று இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உன் அளவுக்கு ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறார், நீ இளைத்திருப்பாய் என்று பயந்து உள்ளே ஒரு தையல் கூடப் போட்டுப் பிடித்திருக்கிறாராம். அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, முழங்காலைப் பற்றி எழுதியதை அடிக்கச் சொன்னாள், நான் அடிக்கவில்லை. சரியாகத் தூங்கு. கண்ணுக்கு அந்த ஸ்க்ரீனிலிருந்து நடுநடுவே ஓய்வு கொடு. அழ வேண்டும் என்றால் போன் பண்ணிவிட்டு அழு, என்னிடம் புது ஜோக்குகள் சேர்ந்துபோய்க் கிடக்கின்றன.

எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும், கேட்காமலே சேர்ந்துகொண்ட உன் மாமா, அத்தை ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. நீ மனம் நிறைந்து, தைரியமாக, நெடுநாள் நன்றாக இரு.

ஒரு ஞாபகப்படுத்தல். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வாரம் களத்தில் புதிதாக அறுத்த பள்ளிக்கூடக் கல் காய்ந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை காலையில் மாமா டீக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து இருக்கும். எடு. யாரும் வருமா வராதா என்று கேட்க மாட்டோம். எண்ணை மட்டும் சொல்லு கண்ணு, தார்ப்பாயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா
(விசாரணை ஜன்னல்)